கை மட்டும் வரும் கடை

மெனுவை அவர் திறக்கவே இல்லை. பரிமாறுகிற பெண் கொண்டுவந்து வைத்ததும் ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டு, தன்னுடையதை மூடியபடியே சுவரோரம் சாய்த்து வைத்தார். தெருமுனை டிபன் கடைக்குப் போனாலும் போர்டில் எழுதியிருப்பதை மேலிருந்து கீழாகப் படித்து, எது சூடாக இருக்கிறது என்று விசாரித்து, யோசித்து, கடைசியில் எப்போதும் சொல்கிற ரவா தோசையையே சொல்கிற மனிதர். கல்யாணமானதிலிருந்து நான் பார்த்துவருகிற கதிரேசன் அவர்தான். இன்றைக்கு, இதுவரை வந்ததே இல்லை என்று காரில் வரும்போது அவரே சொன்ன ஜப்பான் நூடுல்ஸ் கடையில், மெனுவைத் திறக்காமல், அடுப்பு மேடைக்குப் பின்னால் தலையில் துண்டு கட்டிக்கொண்டு நிற்கிற ஜப்பான்காரரைப் பார்த்து அந்த ஆளின் பாஷையிலேயே ஏதோ சொன்னார். அந்த ஆள் பதில் சொன்னார். இவர் சிரித்தார். என்ன சொன்னீங்க என்று கேட்டேன். ஒண்ணுமில்லை, ரெண்டு ராமென், உனக்குக் கோழி என்றார். ரெண்டு ராமென், உனக்குக் கோழி என்பதைச் சொல்ல அவ்வளவு நீளமா? அதில் சிரிக்க என்ன இருக்கிறது? உனக்குக் கோழி என்றால் அவருக்கு என்ன? வந்ததே இல்லை என்றவர் நுங்கம்பாக்கத்தின் இந்தச் சந்தில் யாரையும் கேட்காமல் காரைத் திருப்பினாரே, பின்பக்கம் நிறுத்த இடம் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? போனில் பார்த்தேன் என்பார். எதைக் கேட்டாலும் இப்போது ஒரு பதில் தயாராக இருக்கிறது, முன்பெல்லாம் இப்படி இருக்காது, முன்பு ஒரு கேள்வி கேட்டால் ம் என்று ஒரு சத்தம் வரும், அதிலிருந்து நானே பதிலை எடுத்துக்கொள்வேன். அமுதினியையும் கூட்டிக்கொண்டு வரலாமே என்றதற்கும் பதில் இருந்தது. இரண்டு தெரு தள்ளித்தானே அவள் பேட்மின்டன் பயிற்சி, முடிந்ததும் மூன்று பேருமாக வரலாமே என்றேன். முதல்ல நாம ரெண்டு பேரும் போவோம் என்றார். நாம ரெண்டு பேரும். பதிமூன்று வயதுப் பெண்ணை ஒதுக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாம ரெண்டு பேரும் உட்கார்ந்து பேச என்ன இருக்கிறது, நல்ல செய்தியாக இருந்தால் வீட்டிலேயே சொல்லியிருக்கலாம், கெட்ட செய்தியைத்தான் ஆள்கள் கடையில் வைத்துச் சொல்வார்கள், கடையில் என்றால் எதிரில் இருப்பவள் குரலை உயர்த்த மாட்டாள், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போக மாட்டாள்.

அந்தப் பெண் திரும்பி வந்து எனக்கு மட்டும் ஒரு முள்கரண்டி வைத்துவிட்டுப் போனாள். மிசோரமோ மணிப்பூரோ, சின்னப் பெண், அக்கா காரம் போடலாமா என்று தமிழில் கேட்டாள், போடுங்க என்றேன். அவருக்கு முள்கரண்டி வைக்கவில்லை. மேஜையில் இருக்கிற குச்சிகள் போதும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஜப்பான் பாஷையில் பேசியதைக் கேட்டிருப்பாள். இல்லை, முன்பே பார்த்திருப்பாள். அவரும் வேறு யாரோவும் இதே மேஜையில் உட்கார்ந்திருப்பார்கள், இதே நாற்காலியில், அந்த யாரோவுக்கும் முள்கரண்டி தேவைப்பட்டிருக்காது. நான் அந்தக் கையை நினைக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். காலையில் குளிக்கும்போதே தீர்மானித்திருந்தேன், இன்றைக்கு நல்லபடியாகச் சாப்பிட்டு வருவோம், கையை நினைக்க வேண்டாம் என்று. வேண்டாம் என்று சொல்லிக்கொள்ளும்போதே அது வந்துவிடுகிறது. ஒரகடத்தில் காருக்கு பிரேக் செய்கிற கம்பெனி அவரைப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பியது, நகோயாவுக்குப் பக்கத்தில் ஏதோ ஊர், எட்டு மாதம். தினமும் நான் வேலை முடிந்து வந்ததும், அங்கே அவர் ராத்திரி சாப்பிடுகிற நேரத்துக்கு வீடியோவில் கூப்பிடுவேன். ஒருநாள் போனை எதிலோ சாய்த்து வைத்துவிட்டு என்னிடம் பேசிக்கொண்டிருக்கிறார், அமுதினியின் பரீட்சையைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அப்போது படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை வந்தது. வெள்ளையான கை, நகம் ஒட்ட வெட்டிய விரல்கள், மணிக்கட்டு வரை கறுப்புச் சட்டை. ஒரு கிண்ணத்தை அவர் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டது. அவ்வளவுதான். அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். கையைப் பார்த்தா, கைக்கு மேலே இருந்த முகத்தைப் பார்த்தா, எனக்குத் தெரியாது, ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், அமுதினி பிறந்த வருஷம் வரைக்கும் இருந்த சிரிப்பு, பிறகு எங்கே போனது என்று நான் தேடாத சிரிப்பு. வச்சிடட்டுமா, சாப்பாடு வந்துடுச்சு என்றார். வச்சிட்டார். அன்றைக்கு ராத்திரி அந்தக் கைக்கு ஒரு தோள் முளைத்தது, பிறகு கழுத்து, முடி, அதற்கு அடுத்த வாரம் அது பேசவே ஆரம்பித்துவிட்டது, மெதுவான குரலில், எனக்குப் புரியாத பாஷையில்.

பங்குனியில் திரும்பி வந்தார். இப்போது ஆடி. விமான நிலையத்தில் அமுதினியைத் தூக்கப் போய், வளர்ந்துவிட்டாளே என்று கையை இறக்கிக்கொண்டார். எனக்குக் குனிந்து ஒரு வணக்கம் மாதிரி வைத்தார், வைத்துவிட்டு அவரே சிரித்தார், பழக்கமாயிடுச்சு என்றார். செருப்பை வாசலைப் பார்த்துத் திருப்பி விடுகிறார். ராத்திரியில் வெந்நீரில் குளிக்கிறார். சாப்பிடும்போது பேசுவதில்லை, முன்பும் அதிகம் பேச மாட்டார், ஆனால் அது பேச்சு வராத மௌனம், இது எங்கேயோ போய் உட்கார்ந்துகொள்கிற மௌனம், பார்த்தால் வித்தியாசம் தெரியும். எனக்குத் தெரியும். காலையிலிருந்து சாயங்காலம் வரை கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பதுதான் என் வேலை. இது தெளிவா, இது தெளிவா என்று கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பேன். எழுத்து அட்டையில் கடைசி வரி தெரியாதவர்கள் பலர் ஊகித்துச் சொல்வார்கள், தெரியவில்லை என்று சொல்ல வெட்கம். ஊகிக்கிறவர்கள் கடகடவென்று சொல்வார்கள். நிஜமாகவே பார்த்துப் படிக்கிறவர்கள் தடுமாறுவார்கள், அதுதான் அடையாளம். இவர் வந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் கடகடவென்று சொல்கிறார். ஜப்பான் எப்படி இருந்துச்சு? நல்லா இருந்துச்சு. தனியா கஷ்டமா இல்லையா? அதெல்லாம் ஒண்ணுமில்லை. அப்புறம் அந்தக் கார். சாயங்காலம் கார் அடுக்குமாடிக்குள் நுழைவதை மேலிருந்து பார்ப்பேன், நிறுத்தும் இடத்துக்குள் இறங்கும், ஆனால் ஆள் மேலே வர மாட்டார். முதலில் லிஃப்ட்டுக்காக நிற்கிறார் என்று நினைத்தேன். ஒருநாள் குப்பை போடுகிற சாக்கில் இறங்கிப் போனேன். தூணுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன், என் வீட்டுக்காரரை நானே தூணுக்குப் பின்னால் நின்று பார்க்கிறேனே என்று உடம்பு கூசியது, ஆனாலும் பார்த்தேன். விளக்கை அணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். போன் முன்னால் இருந்தது, இருண்டு கிடந்தது. இப்போதுதான் பேசி முடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு மனிதன் எதற்கு இருட்டில் தன் வீட்டுக்குக் கீழேயே உட்கார்ந்திருப்பான்?

கிண்ணங்கள் வந்தன. குழந்தையைக் குளிப்பாட்டலாம் போல அவ்வளவு பெரியவை. ஆவி முகத்தில் அடித்தது, கண்ணாடி மங்கிப்போய்க் கொஞ்ச நேரம் எதிரில் அவர் இல்லை. துடைத்துக்கொண்டு பார்த்தால் என் கிண்ணத்தில் பால் கலந்த மாதிரி வெளுத்த சூப், அதற்குள் மஞ்சள் நூல் சுருள், மேலே சிவப்பாக எண்ணெய், நனைந்த கறுப்புக் காகிதம் போல ஏதோ ஒன்று ஓரத்தில் நிற்கிறது, மூங்கில் குருத்து என்றார், எது என்றேன், அது இல்லை, இது, அது கடல்பாசி என்றார். பாதி முட்டை. வெள்ளைக்கரு டீயில் போட்டு எடுத்த மாதிரி பழுப்பு, மஞ்சள்கரு வேகவே இல்லை, தொட்டால் ஓடிவிடும் போல நடுங்கிக்கொண்டிருக்கிறது. இதை அமுதினிக்கு நான் கொடுப்பேனா? வேகாத முட்டை என்றாலே எங்கள் வீட்டில் காய்ச்சல் என்று அர்த்தம். அவர் கிண்ணத்தில் வேறு மாதிரி, வட்டமாகச் சுருட்டி வெட்டிய இறைச்சி, நடுவில் கொழுப்பு வளையம். பன்றியா என்று கேட்டேன். ஆமா என்றார், கத்தரிக்காயா என்று கேட்டதற்குச் சொல்வது போல. நாங்கள் ஆடு கோழி மீன் சாப்பிடுகிறவர்கள், பன்றி சாப்பிட்டதில்லை, சாப்பிடக் கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை, அந்தப் பக்கமே போனதில்லை. அவர் போயிருக்கிறார். எட்டு மாதமும் போயிருக்கிறார், என்னிடம் ஒருநாள் கூடச் சொன்னதில்லை. உன்னோடதுல சூப்பும் கோழி எலும்புதான், கேட்டுட்டேன் என்றார். அதைத்தான் அவ்வளவு நீளமாகக் கேட்டாராம். பன்றியைச் சொல்லாமல் மறைத்தவர் இதைச் சொன்னால் நான் நம்ப வேண்டும். அப்புறம் இரண்டு கையையும் சேர்த்து, கண்ணை மூடாமல், வாய்க்குள் ஏதோ ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொண்டார். திருநீறு பூசக் கூட மாட்டேன் என்கிற மனிதர். குச்சியால் நூடுல்ஸைத் தூக்கி, குனிந்து, சர்ரென்று உறிஞ்சினார். பக்கத்து மேஜையில் இருந்த ஜப்பான் குடும்பமும் அப்படித்தான் உறிஞ்சிக்கொண்டிருந்தது, அவர்கள் சத்தமும் இவர் சத்தமும் ஒன்றாக இருந்தன. எனக்குக் கல்யாணமான புதிதில் புதுக்கோட்டையில் அவர்கள் சொந்தத்தில் ஒரு விசேஷம். பந்தியில் கையில் ரசம் வாங்கி நான் உறிஞ்சிக் குடித்துவிட்டேன், பக்கத்து இலையிலிருந்து ஒரு பார்வை பார்த்தார். வீட்டுக்கு வந்ததும், சத்தம் வராம சாப்பிடணும் என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து நான் சத்தம் வராமல்தான் சாப்பிடுகிறேன், அவர் இல்லாத நாளிலும். சத்தம் போட்டுச் சாப்பிட யாரோ இவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். நான் சொன்னால் கேட்காத மனிதர், யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறார். ஒரு மனிதனின் வாயை மாற்றுவது என்றால் எத்தனை நாள் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஊறிடும், சாப்பிடு என்றார். கரண்டியால் சூப்பை மட்டும் கொஞ்சம் எடுத்து, முதலில் மோந்து பார்த்தேன். கோழிதான் போல இருந்தது. போல இருந்தது என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது. நாக்கில் வைத்தேன். உப்பு, அப்புறம் கொழுப்பு உதட்டில் ஒட்டியது, அப்புறம் அதற்கெல்லாம் கீழே ஏதோ ஒன்று, பெயர் தெரியாத ஒன்று, தொண்டை வரைக்கும் போய் அங்கேயே நின்றது. நன்றாக இருந்தது. நான் எதிர்பார்க்கவில்லை, குமட்டும் என்று தயாராகக் கைக்குட்டையை மடியில் எடுத்து வைத்திருந்தேன். இன்னொரு கரண்டி எடுத்தேன். இவ்வளவு நன்றாக இருந்தால் இதில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. நூடுல்ஸ் முள்கரண்டியில் நிற்கவில்லை, வழுக்கி வழுக்கி விழுந்து சேலையில் ஒரு பொட்டு எண்ணெய், நல்லவேளை கறுப்புக் கரை. முட்டையைத் தள்ளித் தள்ளி ஓரத்துக்குக் கொண்டுபோனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முதல் முறையாக ஒரு சாப்பாட்டைக் காட்டக் கூட்டி வந்தவர், பிடிச்சிருக்கா என்று கேட்க வேண்டாம், முகத்தையாவது பார்க்கலாம் இல்லையா. கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார், கிண்ணத்துக்கும் அந்தப் பக்கம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார், முகம் முழுக்கத் தளர்ந்து, நெற்றிச் சுருக்கம் கூட இல்லாமல். தூங்குகிறவர் முகம். அங்கே இருக்கிறார், அவளோடு இருக்கிறார், என்னை இங்கே உட்கார வைத்துவிட்டு என் கண் எதிரிலேயே போய்விட்டு வருகிறார் என்று நினைத்தேன். நினைத்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது, காலையில் குளிக்கும்போது செய்த தீர்மானமெல்லாம் எங்கே போனதோ.

"அந்தக் கை யாரோடது?"

அவர் நிமிர்ந்தார். நூடுல்ஸ் வாயில் பாதி, வெளியே பாதி. கடித்து முடித்து, "எந்தக் கை?" என்றார்.

சொன்னேன். வீடியோ, பரீட்சை, கிண்ணம், கறுப்புச் சட்டை, ஒட்ட வெட்டிய நகம். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். கடகடவென்று ஏதாவது சொல்வார், சொன்னால் அதுவே பதில் என்று காத்திருந்தேன். அவர் குச்சியைக் கிண்ணத்தின் மேல் வைத்தார். புருவத்தைச் சுருக்கினார். கடைசி வரியைப் படிக்கிறவர் மாதிரியே, இல்லை, அதைவிட மோசமாகத் தடுமாறினார். அப்படி நிறைய நாள் கை வந்திருக்குமே என்றார். எந்த நாள் என்று தெரியவில்லை என்றார். பிறகு மெதுவாக, தானே ஞாபகப்படுத்திக்கொள்வது போல, அந்தக் கடையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். வேலை முடிந்து தங்குமிடம் போகிற வழியில் ஒரு ராமென் கடையாம். வாசலில் ஒரு இயந்திரத்தில் காசைப் போட்டு என்ன வேண்டும் என்று பொத்தானை அழுத்தினால் ஒரு சீட்டு வருமாம். உள்ளே போனால் வரிசையாகத் தனித்தனி இடம், ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு.

"ரெண்டு பக்கமும் பலகை அடைச்சிருக்கும். முன்னாலயும் பலகைதான். அதுல ஒரு சின்னத் திரை. அது மேல போகும், கை வரும், கிண்ணத்தை வைக்கும், திரை இறங்கிடும். கை மட்டும்தான் வரும், சுகந்தி. முகமே தெரியாது."

அப்படி ஒரு கடை உலகத்தில் இருக்குமா என்று நான் நினைத்தது உண்மை. ஆனால் அவர் ஊகித்துச் சொல்லவில்லை. எனக்கு அது தெரிந்துவிட்டது, தெரிந்த பிறகும் விட முடியவில்லை, இத்தனை மாதம் தோளும் கழுத்தும் முடியும் கொடுத்து வளர்த்தவளை ஒரு திரைக்குப் பின்னால் எப்படிப் போகவிடுவது. அப்படின்னா எதுக்குச் சிரிச்சீங்க என்று கேட்டேன். முகமே இல்லாத கையைப் பார்த்து ஒருவர் அப்படிச் சிரிப்பாரா? இதற்கும் யோசித்தார். பொய் சொல்ல அவருக்கு எவ்வளவோ நேரம் இருந்தது. சொல்லியிருக்கலாம். உன்னைப் பார்த்துச் சிரிச்சேன் என்று சொல்லியிருந்தால் நான் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

"போனை வைக்கலாமேன்னு இருந்திருக்கும்," என்றார்.

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. கேட்டாளே, சரியாகச் சொல்ல வேண்டுமே என்று சொன்னார். சொன்ன பிறகுதான் அது எங்கே போய் விழுந்தது என்று பார்த்தார். உடனே அப்படி இல்லை என்றார், உன்னோடு பேசப் பிடிக்கவில்லை என்று இல்லை என்றார். காலையிலிருந்து சாயங்காலம் வரை பயிற்சியில் ஆள்கள், எல்லாம் கேள்வி, எல்லாம் பதில். அப்புறம் நான், அமுதினி, அவர் அம்மா, இங்கே ஆபீஸ். அந்தப் பலகைக்குள் உட்காரும்போது மட்டும் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். பிடிச்சிருக்கா என்று கூடக் கேட்க மாட்டார்கள். சத்தம் போட்டுச் சாப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். முதல் மாதம் அழுகை வரும் போல இருந்தது என்றார். அப்புறம் அதற்காகவே சாயங்காலத்துக்குக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டாராம்.

"யாரும் இல்லை, சுகந்தி. சத்தியமா யாரும் இல்லை. நான் மட்டும்தான் இருந்தேன். நல்லா இருந்துச்சு."

காருக்குள் விளக்கை அணைத்துவிட்டு எதற்கு உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்கு இப்போது புரிந்தது, புரிந்ததில் ஒரு நிம்மதியும் இல்லை. ஒருத்தி இருந்திருந்தால் பரவாயில்லை என்று நினைத்தேன், அப்படி நினைக்கிறோமே என்று பயமாகவும் இருந்தது. ஒருத்தி என்றால் அவளைப் பார்க்கலாம், என்னைவிட அவளிடம் என்ன இருக்கிறது என்று கேட்கலாம், அவளைத் திட்டலாம், அவர் சட்டையைப் பிடிக்கலாம், அண்ணனைக் கூப்பிடலாம். பலகையிடம் என்ன கேட்பது? யாருமே இல்லாத இடம் என்னைவிட நன்றாக இருக்கிறது என்கிறவரிடம் நான் என்ன சேலை கட்டிக்கொண்டு போய் நிற்பது? அவர் தண்ணீரைக் குடித்தார். பிறகு, இதைச் சொல்லத்தான் கூட்டி வந்தார் என்பது அந்தத் தண்ணீரைக் குடித்த விதத்திலேயே தெரிந்தது, மறுபடி போகச் சொல்கிறார்கள் என்றார். இரண்டு வருஷம். குடும்பத்தோடு போகலாம், வீடு கொடுப்பார்கள், அமுதினிக்குப் பள்ளிக்கூடம் பார்த்துக் கொடுப்பார்கள். தனியாகவும் போகலாம். எந்த விதம் என்று புதன்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். நீங்க என்ன சொன்னீங்க என்றேன். இன்னும் ஒண்ணும் சொல்லலை என்றார். குடும்பத்தோடு என்று உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருந்து, அவர் தனியாகச் சாப்பிட்ட சாப்பாட்டை எனக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, என் வாயாலேயே ஏதாவது வரட்டும் என்று எதிரில் உட்கார்ந்திருந்தார். நான் போனை எடுத்து மணியைப் பார்த்தேன். அமுதினிக்குப் பயிற்சி முடிகிற நேரம். என் கிண்ணத்தில் பாதிக்கு மேல் இருந்தது.

"நீங்க போய் அவளைக் கூட்டிட்டு வாங்க," என்றேன். "நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

"தனியாவா?"

"ம்."

எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். வேணும்னா கட்டிக் கொடுக்கச் சொல்லட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். கதவைத் தள்ளும்போது திரும்பிப் பார்த்தார், நான் அழுகிறேனா என்று பார்த்திருப்பார். நான் அழவில்லை. முதலில் எல்லாரும் என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. பக்கத்து மேஜை ஜப்பான்காரி, தலைத்துண்டுக்காரர், வாசலில் இடத்துக்காக நிற்கிற காலேஜ் பிள்ளைகள். நாற்பது வயதுப் பொம்பளை, சாப்பிடும்போதே வீட்டுக்காரர் எழுந்து போய்விட்டார், பாதிக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், என்ன சண்டையோ. ஒரு ஹோட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். கண்ணாடிக் கடையில் மத்தியானம் கூட வேலை பார்க்கிற பத்மப்ரியாவோடு டப்பா திறந்து சாப்பிடுவேன். வெளியூர் போனால் அவர், அமுதினி. கல்யாணத்துக்கு முன்னால் அப்பா. இல்லை, ஒரு முறை கூட இல்லை. பரிமாறுகிற பெண் வந்து அவர் கிண்ணத்தை எடுத்தாள். துளி சூப் மிச்சமில்லை, அடியில் வரைந்திருந்த மீன் தெரிந்தது. அக்கா, யாராவது வருவாங்களா, இந்த சேர் எடுத்துக்கலாமா, அங்க ஒண்ணு குறையுது என்று அப்போதுதான் இடம் கிடைத்த காலேஜ் பிள்ளைகளைக் காட்டினாள். வருவார் என்று சொல்ல வாயெடுத்தேன். எடுத்துக்கோங்க என்றேன்.

நாற்காலி போனதும் எதிரில் சுவர் இருந்தது. வெறும் சுவர், வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் ஒரு நிறம், ஓர் ஆணி அடித்து எடுத்த ஓட்டை. அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். நூடுல்ஸ் ஊறிப்போயிருந்தது, சூப் ஆறிக்கொண்டிருந்தது, காரம் அடியில் தங்கியிருந்தது போல, இப்போதுதான் உறைத்தது. மூக்கில் தண்ணீர் வந்தது, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டேன். என் குரல் நிற்குமே, போனை வைக்கலாமே என்று அவர் சிரித்தார். அதை நினைத்தேன், மறுபடி அதையே நினைத்தேன், எட்டு மாதமும் அப்படியா, அமுதினி பேசும்போதும் அப்படியா, இங்கே நான் தினமும் அந்த நேரத்துக்காகத் தலை வாரிக்கொண்டு உட்காருவேனே. மூங்கில் குருத்தைக் கடித்தேன், நறுக்கென்று இருந்தது. அவர் பார்த்த மாதிரியே நானும் கிண்ணத்துக்குள் பார்த்தேன், ஆவி போய்விட்டதால் என் நெற்றியும் கண்ணாடியும் சூப்பின் மேல் ஆடின. முட்டையை எடுத்தேன், கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன், முழுதாக வாயில் போட்டுக்கொண்டேன். மஞ்சள்கரு நாக்கில் உடைந்து பரவியது, தித்திப்பா உப்பா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று. அதற்குப் பிறகு என்ன நினைத்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஜப்பானையோ புதன்கிழமையையோ ராத்திரிக்கு என்ன சமைப்பது என்பதையோ நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்பதே பிறகுதான் தெரிந்தது, தூங்கி எழுந்தவள் போலத் திடுக்கிட்டு, எவ்வளவு நேரம் இப்படி உட்கார்ந்திருந்தோம் என்று வாசலைப் பார்த்தேன். யாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பயம்தான் முதலில் வந்தது. இது நன்றாக இருக்கிறதே என்கிற பயம். இரண்டு வருஷம் என்றால் ஞாயிற்றுக்கிழமை எத்தனை வரும் என்று மனது போயிற்று, சீ என்று அதை இழுத்துக்கொண்டு வந்தேன், இழுக்க இழுக்க அது அங்கேயே போய் உட்கார்ந்தது. அவர் மேல் இருக்கிற கோபத்தில் இப்படித் தோன்றுகிறதா? இருக்கலாம். கோபத்தைத் தேடிப் பார்த்தேன். இருந்தது, ஆனால் அவ்வளவு பெரிதாக இல்லை, கிண்ணத்தின் அடியில் மிச்சம் இருக்கிற சூப் அளவுக்குத்தான் இருந்தது.

அமுதினி ராக்கெட் பையை இழுத்துக்கொண்டு வந்தாள், வியர்வையில் முடி ஒட்டியிருந்தது. இதுதான் ராமெனா என்று என் கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு, வெந்த நூடுல்ஸைத் தண்ணீர் வடிய உதறிக்கொண்டிருந்த தலைத்துண்டுக்காரரை வேடிக்கை பார்க்க அடுப்பு மேடைப் பக்கம் போய்விட்டாள். அவர் மேஜைக்கு எதிரில் வந்து நின்றார். உட்காரப் போனவர் நின்றுவிட்டார்.

"சேர் எங்க?"

"கேட்டாங்க. குடுத்துட்டேன்."

சரி என்பது போலத் தலையை ஆட்டினார். காலேஜ் பிள்ளைகளின் மேஜையில் தன் நாற்காலியில் யாரோ உட்கார்ந்து சிரிப்பதைப் பார்த்தார். அமுதினி காதில் விழாதபடிக்குக் குனிந்து, யோசிச்சியா என்று கேட்டார். கோபமா என்றும் கேட்டார். இல்லை என்றேன்.

"நீங்க போயிட்டு வாங்க," என்றேன். "தனியாவே போங்க. அமுதினி பள்ளிக்கூடத்தை எதுக்கு மாத்தணும்? நாங்க ரெண்டு பேரும் இங்க இருந்துக்குறோம்."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் என்று எதிர்பார்த்தேன், அதைப் பார்க்க மனதைத் தயார்படுத்திக்கொண்டும் இருந்தேன். வரவில்லை. இவ்வளவு சீக்கிரமா என்றார். ராத்திரிக்கு யோசிச்சுச் சொல்லேன் என்றார். யோசிச்சுட்டேன் என்றேன். தினமும் வேண்டாம், வாரத்துக்கு ஒருநாள் கூப்பிடுகிறேன், அதுவும் நீங்கள் சாப்பிட்டு முடித்த பிறகு என்றேன். சொல்லும்போது என் குரல் சாதாரணமாக இருந்தது, கண் பரிசோதித்து முடித்து, ஆறு மாதம் கழித்து வாங்க என்று சொல்வேனே, அந்தக் குரல். அவருக்குப் பழக்கமான குரல் அது இல்லை. இரண்டு கையையும் மேஜையில் ஊன்றிக்கொண்டு நின்றார், உட்கார இடமில்லாமல்.

"ஏன்?" என்றார்.

கிண்ணத்தை ஓரமாகத் தள்ளி வைத்தேன். அதைக் கடகடவென்று சொல்லிவிட முடியாது. அவர் என் முகத்தைப் பார்த்தார், எதையோ படிக்க முயல்கிறவர் போலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு மேஜையில் என் கைக்குப் பக்கத்தில் இருண்டு கிடந்த போனைப் பார்த்தார், இப்போதுதான் நான் யாரோடோ பேசி முடித்திருக்க வேண்டும் என்பது போல.